மதாமுக்கு வந்த சேவல் இறகு

பாப்பா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மாடிக்குப் போய்க் கோழிக்கூண்டைத் திறந்தேன். பல் துலக்கவில்லை, வாசல் தெளிக்கவில்லை, பால் பாக்கெட்டைக்கூட உள்ளே எடுத்து வைக்கவில்லை. மார்கழிப் பனியில் மாடிப்படி ஈரமாக இருந்தது. ஒரு கை நொய்யோடு போய்க் கொக்கியை எடுத்ததும் மதாம் வெளியே வந்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்றாள். கழுத்தை நீட்டிக் கூவினாள். சேவலின் முழுக் கூவல் இல்லை அது. பாதியில் தொண்டை கட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறது. இருந்தாலும் கூவல்தான். கீழே கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நானே கூவிவிட்டதுபோல வெட்கப்பட்டுக் குனிந்து நொய்யை இறைத்தேன்.

தையில் உனக்குக் கல்யாணம். அதற்குள் இந்த வீட்டில் இரண்டு காரியம் முடிந்தாக வேண்டும் என்று உன் அத்தை சொல்லியிருக்கிறார். ஒன்று, கூவுகிற இந்தப் பெட்டைக்கோழியை அறுத்துவிட வேண்டும். இன்னொன்று, உன் மேலுதட்டிலும் தாடையிலும் இருக்கிற முடி போய்விட வேண்டும். முதலாவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், கறிக்கடை தெருமுனையில்தான் இருக்கிறது. இரண்டாவதைச் செய்ய மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டாய். ஆனால் செய்துவிடுவோம் என்று மூலக்குளத்திலிருக்கும் உன் மாமியாராகப் போகிறவரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. போன வாரம் இதைக் கேள்விப்பட்டு நீ சென்னையிலிருந்து போன் செய்தபோது சத்தம்கூடப் போடவில்லை. "நான் யாருக்கும் வாக்கு குடுக்கலம்மா. குடுத்தவங்களே போய் திருப்பி வாங்கிட்டு வரட்டும். இல்லன்னா மணமேடையில இதே மூஞ்சியோடதான் உக்காருவேன், அப்ப அவங்க பாத்துக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கோழியிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். உயிரியல் டீச்சருக்குப் பெண்ணாகப் பிறந்துவிட்டு இதற்கெல்லாம் அலுத்துக்கொள்ள முடியாது.

மதாம் இந்த வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? நீ பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு உனக்குச் செருப்பு வாங்கப் போனோம். ஒருவன் அட்டைப்பெட்டியில் சாயம் பூசிய குஞ்சுகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தான். பச்சை, ஊதா, ரோஸ். இவையெல்லாம் வாரம் தாங்காது, பாவத்தைக் காசு கொடுத்து வாங்காதே என்றேன். நீ கேட்கவில்லை. ரோஸ் குஞ்சைச் சுடிதார் துப்பட்டாவில் பொதிந்துகொண்டு பஸ்ஸில் வந்தாய். சாயம் போகப் போக உள்ளே இருந்து மண் நிறத்தில் இறகு வந்தது, உலர்ந்த சருகு நிறத்தில். உனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பெட்டைக்கு அதுதான் நிறம், அது போதும் அதற்கு என்று நான் சொன்னேன். வளர்ந்ததும் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து, தலையை நிமிர்த்தி அது நடக்கிற நடையைப் பார்த்து, கடற்கரைச் சாலையில் தொப்பி போட்டுக்கொண்டு உலாவும் வெள்ளைக்காரச் சீமாட்டி மாதிரி இருக்கிறது என்று மதாம் என்று பெயர் வைத்தாய். அப்புறம் நீ சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாய். முட்டையை எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது, அடைக்கு வைப்பது, பொரித்த குஞ்சைப் பருந்திடமிருந்து காப்பது எல்லாம் என் வேலையாகிவிட்டது. மூன்று ஈடு குஞ்சு பொரித்துக் கொடுத்தாள் அவள். நம் நெல்லித்தோப்பில் பாதி வீடுகளில் அவள் வம்சம்தான் மேய்கிறது.

போன கோடையோடு முட்டை வைப்பது நின்றது. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். ஐப்பசி மழையில் வழக்கம்போல இறகு உதிர்ந்தது. மறுபடி முளைத்தபோது சருகு நிறம் வரவில்லை. கழுத்தைச் சுற்றி ஒல்லியாக, நுனி கூர்மையாக, வெயில் பட்டால் செம்புக் கம்பிபோல் மின்னுகிற இறகு வந்தது. வாலில் பச்சை படர்ந்த கறுப்பில் இரண்டு இறகு அரிவாள்போல் வளைந்து முளைத்தது. கொண்டை பெரிதாகிச் சிவந்தது. ஒரு நாள் விடியற்காலையில் கூவினாள். எதிர்வீட்டுச் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷனில் காலம் தள்ளுகிறாரே, அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். மாடியைப் பார்த்து நெற்றியில் கை வைத்து ஒரு சல்யூட் அடித்து, "போன்ழூர் முசியே" என்று ஆம்பிளைக்குச் சொல்லும் வணக்கத்தைச் சொன்னார். அன்றிலிருந்து தெருவே சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தார். அரியாங்குப்பத்திலிருந்து கல்யாண வேலைக்காக வந்திறங்கிய உன் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "பெட்ட கூவுற வீட்ல எப்பிடி பந்தக்கால் நடுவீங்க? சம்பந்தி வீட்டு காதுல விழறதுக்குள்ள அறுத்துடு டீச்சரம்மா" என்றார்.

மதாமுக்கு நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். கறிக்கோழி வெட்டுகிற எவரும் பார்த்திருப்பார்கள், பெட்டைக்குச் சினைப்பை இடது பக்கம் ஒன்றுதான் வேலை செய்யும். வலது பக்கத்தில் இருப்பது முளையிலேயே நின்றுபோனது. வயதாலோ நோயாலோ அந்த ஒற்றைச் சினைப்பை ஓய்ந்துவிட்டால் அதிலிருந்து சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடும். அடுத்த முறை இறகு மாற்றும்போது பெட்டையின் உடம்பில் சேவலின் இறகு முளைக்கும். சில பெட்டைகளில் வலது பக்கத்துச் சின்ன முளை விழித்துக்கொண்டு ஆண் சுரப்பையும் கொஞ்சம் சுரக்கும். அப்போது கொண்டை வளரும், கூவலும் வரும். சகுனமும் இல்லை, சாபமும் இல்லை. இதைப் பாடமாக எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ஆனால் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த இறகைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்தச் செம்பு நிறம் வெளியிலிருந்து வந்ததில்லை. ரோஸ் சாயம் போனபோது, சருகு நிறம் வந்தபோது, அடைகாத்தபோது, எல்லா நாளும் அது அவளுக்குள்ளேயே இருந்திருக்கிறது. கோழி இனத்தில் சுரப்பு எதுவும் தடுக்காவிட்டால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மினுக்கு இறகுதான் முளைக்கும். பெட்டையின் உடம்புதான் தினமும் வேலை செய்து அதை அடக்கிச் சருகு நிறத்தைச் செய்துகொள்கிறது. நாம் நிறமில்லாதது என்று நினைப்பதுதான் பாடுபட்டுச் செய்த நிறம்.

ஏன் அடக்க வேண்டும் என்று நீ கேட்பாய். சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறாய், குயில் கறுப்பு என்கிறார்களே, முருங்கை மரத்தில் வந்து உட்காரும் அந்தப் புள்ளிப் பறவை என்ன என்று. அதுதான் பெண் குயில் என்று நான் சொன்னபோது நம்பாமல் அப்பாவிடம் போய் ஒரு முறை கேட்டுக்கொண்டாய். கோழியின் மூதாதை காட்டுக்கோழி. தரையில் சருகுக்குள் முட்டையிட்டு, தானே அதன்மேல் வாரக்கணக்கில் அசையாமல் உட்காருவது பெட்டை. மினுங்குகிற பெட்டையைக் கீரி முதலில் பார்த்தது. சருகு நிறத்தவள் தப்பித்தாள், அவள் குஞ்சுகளும் தப்பித்தன. சேவலின் கதை வேறு. எந்தச் சேவலோடு சேர்வது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் பெட்டை. அவள் கண்ணுக்குப் பிடித்தது தலைமுறை தலைமுறையாக நீண்டுகொண்டே போனது. அந்த வகையில் சேவலின் வாலை அவன் அணிந்திருக்கிறானே தவிர, அது அவள் ரசனையில் வளர்ந்தது. நான் கல்லூரியில் படித்தபோது ஊசுட்டேரிக்கு எங்களைப் பறவை பார்க்கக் கூட்டிப்போனார்கள். கோரைக்குள் மயில் உள்ளான் என்கிற நீர்ப்பறவை ஜோடி ஒன்று. ஒன்று செம்பழுப்புக் கழுத்தும் கண்ணைச் சுற்றி வெள்ளை மையுமாக இருந்தது. இன்னொன்று மங்கலாகச் சேறு நிறத்தில். அழகாக இருப்பது ஆண் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். விரிவுரையாளர் அம்மா சிரித்துவிட்டார். அந்த இனத்தில் முட்டைமேல் உட்காருவதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண். அதனால் மங்கல் நிறம் அவனுக்கு. யார் உட்காருகிறார்களோ அவர்களுக்கு மண் நிறம். ஆணுக்கு இந்த நிறம், பெண்ணுக்கு இந்த நிறம் என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை என்று அன்று புரிந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பிறகு கல்யாணம், நீ, வேலை, மறந்துவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்பதற்கு நீதான் சாட்சி. உனக்குப் பதினான்கு வயதில் மேலுதட்டில் முடி கறுக்கத் தொடங்கியது. வகுப்பில் ஒருத்தி ஏதோ சொல்லிவிட்டாள் என்று அழுதுகொண்டு வந்தாய். அன்று காலைதான் நான் ஹார்மோன் பாடம் நடத்திவிட்டு வந்திருந்தேன். எல்லார் உடம்பிலும் இரண்டு சுரப்பும் இருக்கிறது, அளவுதான் வேறு என்று கரும்பலகையில் எழுதிய சாக்குத்தூள் கையிலிருந்து போகவில்லை. அந்தக் கையாலேயே உனக்குக் கஸ்தூரி மஞ்சளும் கடலைமாவும் குழைத்துத் தேய்த்தேன். எரிகிறது என்றாய், பொறுத்துக்கோ என்றேன். அப்புறம் பிளீச், அப்புறம் நூல் போடுகிற கடை. லேடி டாக்டர் ஸ்கேன் எல்லாம் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, குடும்பத்தில் யாருக்காவது இருக்கும், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். குடும்பத்தில் யாருக்கு என்று நானும் யோசித்தேன். என் அம்மாவுக்கில்லை, சித்திகளுக்கில்லை. எனக்கு அப்போது இல்லை. விட்டுவிட்டேன். வேலைக்குப் போன இரண்டாம் வருடம் நீ ஊருக்கு வந்தபோது முகத்தைப் பார்த்துவிட்டு, பார்லருக்குப் போக நேரமில்லையா என்று கேட்டேன். "விட்டுட்டேம்மா. காலையில கண்ணாடி முன்னாடி இருவது நிமிஷம் மிச்சமாவுது" என்று சொல்லிவிட்டுத் தோசைக்குச் சட்னி கேட்டாய். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று நடந்ததை உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தாய். மூலக்குளத்தம்மா என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார். அதட்டலாக இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார். பெண் தங்கமாக இருக்கிறாள், படிப்பு, வேலை, பேச்சு எல்லாம் பிடித்திருக்கிறது, எங்கள் சொந்தத்தில் வாய் சும்மா இருக்காது, அதனால் கேட்கிறேன், கல்யாணத்துக்குள் முகத்தைச் சரிசெய்துவிடுவீர்கள்தானே என்றார். இப்போது லேசரெல்லாம் வந்துவிட்டதாமே என்றும் சொன்னார். என் கையில் வெற்றிலைத் தட்டு இருந்தது. பக்கத்தில் நின்ற உன் அத்தை, "அதெல்லாம் ஆரம்பிச்சாச்சு சம்பந்தி. தைக்குள்ள பளிச்சுனு ஆயிடுவா" என்றார். மூலக்குளத்தம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் தட்டை நீட்டினேன். அந்தத் தட்டை நீட்டியதைத்தான் அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். வேறெப்படி எடுத்துக்கொள்வார்? வாக்குக் கொடுத்தது உன் அத்தை என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பையனுக்குத் தெரியுமா என்று உன்னிடம் கேட்டதற்கு, "அவனுக்கு கண்ணு இருக்கும்மா" என்றாய். சிரிப்பு வந்தது. நிச்சயத்தன்று அவன் உன் முகத்தை நேராகப் பார்த்துத்தான் பேசினான் என்பதை நானும் கவனித்தேன். ஆனால் அவன் பார்ப்பது வேறு, அவன் அம்மாவுக்கு நாங்கள் சொல்லியிருக்கும் பொய் வேறு. அந்தப் பொய் உன் பெட்டியோடு உனக்கு முன்பே அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். நீ போய்ச் சேருகிற நாளிலிருந்து அவர் உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். முடியைப் பார்த்து வருகிற முகச்சுளிப்புக்கு நீ பதில் வைத்திருக்கிறாய். செய்யாத ஏமாற்றுக்கு என்ன பதில் வைத்திருப்பாய்?

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். கறிக்கடைப் பையன் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து கோழியைப் பிடித்துக்கொண்டு போவதாக உன் அத்தை ஏற்பாடு செய்திருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உன் அப்பா படுத்துவிட்டார். துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். துணி துவைக்கிற கல்மேல் உன் அத்தை எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலில் ஒரு கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, தலையைத் தூக்கித் தாடைக்குக் கீழே எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி சரிந்து சரிந்து விழுந்தது. கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, செத்துப்போன உன் மாமாவின் பழைய ஷேவிங் செட். தாடையில் பாதி சோப்பு நுரை, நுரைக்குள் நரைத்த முடி. என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அறுபது வயதுப் பெண்பிள்ளை, குளிக்கும்போது யாரோ பார்த்துவிட்டதுபோல ஒடுங்கிப்போனார். கீழே கிடந்த கண்ணாடியை எடுத்து, அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையை எடுத்தார். மீதிப் பக்கத்தை மழித்து முடித்தார். ஒரு கீறல் விழவில்லை, அவ்வளவு பழக்கம்.

பிறகு தானாகச் சொன்னார். வயதுக்கு வந்ததிலிருந்து இருக்கிறதாம். கல்யாணமான புதிதில் புருஷன் வீட்டில் ஒருத்தி பார்த்துவிட்டாள். மில் குடியிருப்பு முழுக்க மீசைக்காரி என்ற பெயர் பரவிவிட்டது. உன் மாமா ஒரு வார்த்தை கேட்டதில்லையாம். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றார். அவர் எழுவதற்கு முன்னால் அத்தை எழுந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெளிச்சம் வருவதற்குள் முடித்துவிடுவாராம். "அவரு போற வரைக்கும் அவருக்கு நேரா வெளிச்சத்துல உக்காந்து நான் சாப்ட்டதில்ல டீச்சரம்மா. என் பொழப்பு கதவுக்கு பின்னாடியே போச்சு. அவளுக்கு அந்த கதவு வேணான்னுதான் மெஷின்ல போட்டு ஒரேடியா எடுத்துடட்டும்னேன். நான் கெட்டது நெனக்கல" என்றார்.

கெட்டது நினைக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது, பாப்பா. அது உனக்கும் தெரியவேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன். அவர்மேல் கோபம் வைத்துக்கொள்ளாதே. நம் வீட்டில் யாருக்கு இருந்தது என்று டாக்டர் கேட்டதற்கு விடை இத்தனை வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருக்கிறது. அத்தையிடம் இருப்பது உன் அப்பாவிடமும் இருந்து, அவர் வழியாக உனக்கு வந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் அதை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் அவர் முகத்தில் அதற்கு மீசை என்று பெயர். தினம் எண்ணெய் தடவி முறுக்கிவிட்டுக்கொள்கிறார். கோழியிலும் இப்படித்தான். சேவல் முட்டையிடுவதில்லை. ஆனால் நன்றாக முட்டையிடுகிற குணத்தைத் தன் அம்மாவிடமிருந்து வாங்கித் தன் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. பெட்டைக்கு அரிவாள் வால் இல்லை. தன் அப்பனின் வாலைத் தன் மகனுக்குக் கொடுக்கிறது. தான் ஒரு நாளும் அணியாததை அடுத்தவருக்குச் சேர்த்துவிடுவதுதான் வம்சம் என்பதில் பாதி. மனிதருக்கும் பறவைக்கும் அப்படியே முடிச்சுப் போடக்கூடாது என்று வகுப்பில் நான் பிள்ளைகளைத் திருத்துவேன். மதாமுக்கு வந்தது ஒரு சுரப்பு ஓய்ந்ததால். உனக்கு வந்தது பிறவியோடு வந்தது. இரண்டும் ஒன்றில்லை. ஆனால் இரண்டையும் பார்த்து இந்த வீடு எடுத்தது ஒரே கத்தியைத்தான்.

அத்தையிடம் சொன்னேன், "அண்ணி, அவ மெஷினுக்கும் போகலன்றா, கதவையும் சாத்தலன்றா. அதான் விஷயமே." அவர் ஷேவிங் செட்டைத் தண்ணீரில் அலசித் துடைத்து வைத்தார். அப்புறம், "அந்த தெகிரியம் எங்கேந்து வந்துது அவளுக்கு? நம்ம வூட்ல யாருக்கும் கெடயாதே" என்றார். யாரிடமாவது வெளியே தெரியாமல் இருந்திருக்கும் அண்ணி என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது. ஐந்து மணிக்குக் கறிக்கடைப் பையன் வந்து கூப்பிட்டபோது அவரே வாசலுக்குப் போய், "இன்னிக்கு வாணாம், போ" என்று அனுப்பினார். அதன்பிறகு மாடிக்கு ஏறி வந்து மதாமை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இது இனிமேல் முட்டை வைக்காதா என்று கேட்டார். வைக்காது என்றேன். அதற்கு உடம்பு ஏதும் நோகுமா என்றார். தெரியவில்லை என்றேன், உண்மையில் எனக்குத் தெரியாது. கீழே இறங்கும்போது மட்டும் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "கோழிய வுடு. மூலக்குளத்துல மட்டும் வாய தொறந்துடாத. கல்யாணம் நின்னுச்சுன்னா என் தம்பி தாங்க மாட்டான்."

தாங்க மாட்டார்தான். தான் வேலை பார்த்த மில் மூடியபோதுகூட உன் அப்பா அழவில்லை. மோட்டார் ரிப்பேர் கடையில் தன்னைவிடச் சின்னவனிடம் வேலை கற்றுக்கொண்டபோதும் முகம் சுளிக்கவில்லை. உன் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கியபோது கண் கலங்கிவிட்டது அவருக்கு. மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை பாதி கொடுத்தாயிற்று. அந்தக் கல்யாணம் என் வாயால் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமலில்லை. நின்றால் நீயும் அழுவாய். அந்தப் பையனை உனக்குப் பிடித்திருக்கிறது. போனில் அவன் பெயரைச் சொல்லும்போது உன் குரலே மாறுகிறது. அதையெல்லாம் எடை போட்டுப் பார்த்துக்கொண்டேதான் இன்று காலை கூண்டைத் திறக்கப் போனேன்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாற்பது தாண்டியதிலிருந்து எனக்கும் தாடையில் நாலைந்து முடி முளைக்கிறது, கம்பி மாதிரி. என் உடம்பிலும் அந்தச் சுரப்பு ஓய்ந்துகொண்டு வருகிறது. மாதக்கணக்கு முன்பின்னாக ஆகிவிட்டது. மார்க்கெட் பக்கத்து பார்லரில் வெள்ளிக்கிழமை தவறாமல் நூல் போட்டுக்கொண்டு வருவேன். உன் அப்பாவுக்குத் தெரியாது. பையில் காய்கறியை மேலே போட்டுக்கொண்டு வருவேன், மார்க்கெட்டுக்குத்தான் போனேன் என்று தெரிய. அத்தையின் கதவைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தபோது இது எனக்கு நினைவுக்கு வந்து, பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டேன். இந்த வெள்ளிக்கிழமை கல்யாண அலைச்சலில் போக முடியவில்லை. இப்போது எழுதும்போது கையால் தடவிப் பார்க்கிறேன், இருக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளி இல்லை. உன் அப்பா பத்திரிகை கொடுக்க வில்லியனூர்ப் பக்கம் போகிறார். அத்தை அப்பளம் காயவைக்க மாடிக்குப் போய்விட்டார். அவரும் மதாமும் என்ன பேசிக்கொள்கிறார்களோ தெரியவில்லை, கீழே குரல் கேட்கிறது. நான் மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போகப்போவது மூலக்குளம். இதை உன் அப்பாவிடமும் சொல்லவில்லை, அத்தையிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் திரும்பி வரும் வழியில்தான் தபாலில் போடுவேன், அதனால் உன்னிடமும் இன்னும் சொல்லவில்லை. அந்தம்மாவிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மருத்துவம் எதுவும் ஆரம்பிக்கவில்லை, ஆரம்பிக்கப்போவதும் இல்லை. அன்று நான் தட்டை நீட்டியது தப்பு. என் பெண் இதே முகத்தோடுதான் வருவாள். அவள் அப்பா வழியில் வந்தது இது, நாளைக்கு உங்கள் பேத்திக்கும் வரலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் இன்றே சொல்லிவிடுங்கள், கோபப்பட மாட்டேன். இவ்வளவுதான். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. மென்மையானவர், ஆனால் சொந்தக்காரர்களுக்குப் பயந்தவர். என்ன சொன்னாலும் நின்று கேட்டுவிட்டு வருவேன்.

நீ வாங்கிக்கொடுத்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டேன். வண்டிச் சாவி கையில் இருக்கிறது. மூலக்குளத்துக்கு மார்க்கெட் வழியாகத்தான் போக வேண்டும். அந்த பார்லர் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், பத்து நிமிட வேலைதான். நான் அங்கே வண்டியை நிறுத்தப்போவதில்லை.

அம்மா